நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குக் கோடையில் எது சரி? ஐந்து வழிகளின் ஒப்பீடு

சுமாராகப் படிக்கிற பிள்ளையின் விடுமுறையைப் பற்றிப் பெற்றோருக்குப் பெரிய குழப்பம் இருப்பதில்லை. எந்தப் பாடத்தில் மார்க் குறைந்ததோ அதைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். எல்லாப் பாடத்திலும் 95-க்கு மேல் வாங்குகிற பிள்ளை இருக்கும் வீட்டில்தான் திண்டாட்டம். அடுத்த ஆண்டுப் பாடத்தை இப்போதே ஆரம்பித்துவிடலாமா, ஒலிம்பியாட் பயிற்சியா, தங்கிப் படிக்கும் முகாமா, வீட்டிலேயே ஏதாவது ப்ராஜெக்ட்டா, இல்லை ‘ஆண்டு முழுக்கப் படித்தது போதும், விளையாடட்டும்’ என்று விட்டுவிடலாமா? ஒன்றை எடுத்தால் மற்ற நான்கையும் கோட்டைவிட்ட உறுத்தல் மிஞ்சுகிறது.

விளம்பரங்களையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, எதைக் கொண்டு எடை போடுவது என்பதை முதலில் பார்ப்போம்.

## அளவுகோல்கள்

திணற வைக்குமா? மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே எடை அதிகம். எழுதுவதெல்லாம் சரியாகவே வந்து பழகிய பிள்ளைக்கு, விடை தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கத் தெரியாது. பள்ளிப் பாடம் அதற்கு வாய்ப்புத் தந்திருக்காது. பிற்பாடு மேல்வகுப்பிலோ கல்லூரியிலோ முதன்முறையாகத் திணறும்போது, ‘இது எனக்கு வராது’ என்று அந்தப் பாடத்தையே கைவிட்டுவிடுகிற அபாயம் அப்படித்தான் வருகிறது. திணறிப் பழக விடுமுறையைவிட நல்ல நேரம் கிடையாது. ஏனென்றால் அப்போது மார்க் இல்லை.

பள்ளி திறந்தபின் என்ன ஆகும்? கோடையில் செய்தது வகுப்பறையில் கூர்மையைக் கூட்டுமா, சலிப்பைக் கூட்டுமா?

யாருடைய ஆசை? பிள்ளையே கேட்டதா, அம்மா அப்பாவின் ஆசையா, நண்பன் சேர்ந்துவிட்டான் என்பதாலா? மூன்றும் வெவ்வேறு.

முழுச் செலவு. கட்டணம் அதில் ஒரு பகுதிதான். போகவரும் நேரம், கூட உட்கார வேண்டிய பெரியவரின் மணிக்கணக்கு, அதனால் விட்டுப்போகிற விளையாட்டு, உறவு, ஓய்வு எல்லாம் கணக்கில் சேர வேண்டும்.

தூக்கம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை: 6 முதல் 12 வயதுக்கு 9–12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8–10 மணி நேரம். பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் விழிப்பும் வராது. விடியற்காலை வகுப்பு என்றாலே அந்த வயதுப் பிள்ளையின் தூக்கத்தில்தான் கை வைக்கிறது.

## முன்னதாக ஒரு சோதனை

பள்ளித் தேர்வில் 98 என்பது பிள்ளையின் உயரத்தைக் காட்டுவதில்லை. தலை கூரையில் முட்டிவிட்டது என்பதை மட்டும் காட்டுகிறது. இதனால்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஸ்டான்லி, 1971-இல் தொடங்கிய தன் ஆய்வில், 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வையே கொடுத்தார். வகுப்புத் தேர்வில் ஒரே மார்க் வாங்கிய பிள்ளைகள் அதில் பரவலாகப் பிரிந்து நின்றார்கள்.

வீட்டில் இதைச் சின்ன அளவில் செய்யலாம். அடுத்த ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில் முன்பகுதியிலிருந்து இரண்டு அத்தியாயங்களை எடுங்கள். சொல்லிக்கொடுக்காமல், எடுத்துக்காட்டுகளை மட்டும் 30 நிமிடம் தானாக வாசிக்க விடுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு 10 பயிற்சிக் கணக்குகள்.

எட்டோ அதற்கு மேலோ சரி என்றால், அடுத்த ஆண்டுப் பாடம் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் புதிதில்லை. அதை முன்கூட்டிப் படிப்பது கோடையை வீணடிப்பது. நான்கிலிருந்து ஏழு என்றால் அடுத்த வகுப்பு அவளுக்குச் சரியான இடம், அதை அதன் நேரத்துக்கு விட்டுவிடலாம். மூன்றோ கீழோ என்றால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள், தவறுகளைப் பாருங்கள். பின்னம், குறை எண், அடைப்புக்குறி நீக்கம் போன்ற பழைய பாடங்களில் சறுக்கியிருந்தால், மனப்பாடமும் வேகமும் மறைத்து வைத்த ஓட்டை அது. நல்ல மார்க் வாங்குகிற பிள்ளையிடம் இப்படி ஓட்டைகள் இருப்பது அபூர்வமில்லை. தேடுவதற்கு யாருக்கும் காரணம் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

## வழி 1: அடுத்த ஆண்டுப் பாடத்தை முன்கூட்டியே படிப்பது

பலரும் எடுக்கிற வழி இது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் பொருந்தாத வழியும் இதுதான்.

திணறல் கொஞ்சம்தான் இருக்கும், அதுவும் பாடம் புதிது என்பதால் வருகிற திணறல். ஆறேழு வாரத்தில் ஓராண்டுப் பாடத்தை அடைக்க வேண்டியிருப்பதால், கருத்தை விட்டுவிட்டு வழிமுறையை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்கிறார்கள். சூத்திரம் கைக்கு வந்துவிடும். அது எங்கிருந்து வந்தது என்பது வராது.

மறைமுகச் செலவு பள்ளி திறந்த பிறகுதான் தெரியும். ஆசிரியர் பாடம் தொடங்கும்போது ‘இது எனக்குத் தெரியும்’ என்று காது மூடிக்கொள்கிறது. தெரியும் என்று தோன்றுவது பார்த்த ஞாபகம். தானாகச் செய்யச் சொன்னால் வராது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே காட்டியபடி, படித்தது முதல் சில நாட்களிலேயே வேகமாக வடிந்துவிடும். திரும்பத் தொடாத கோடைப் பாடத்தில் மிஞ்சுவது அந்தப் பார்த்த ஞாபகம் மட்டும். கருத்தைச் சரியாகப் பிடிக்கக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பையும் கவனிக்காமல் விட்டுவிடுகிறாள். முன்கூட்டிப் படித்த பகுதி ஆண்டின் நடுவில் தீர்ந்துபோகும்போது, வகுப்பில் கவனிக்கும் பழக்கமும் அதோடு போயிருக்கும்.

ஆனால் சில நிலைமைகளில் இதுதான் சரியான தேர்வு. ஒரு வகுப்பைத் தாண்டிச் சேர்க்கப் பள்ளி சம்மதித்திருந்தால். பாடத்திட்டமோ பயிற்று மொழியோ மாறப்போகிறது என்றால். அறுவைச் சிகிச்சை, நீண்ட போட்டிப் பயணம் போன்ற காரணத்தால் ஆண்டின் நடுவில் பல வாரம் பள்ளிக்குப் போக முடியாது என்று முன்பே தெரிந்தால்.

அப்படிச் செய்வதானால் முழுப் புத்தகம் வேண்டாம். மற்ற பாடங்கள் எதன்மேல் நிற்கின்றனவோ அந்த இரண்டு மூன்று அத்தியாயங்கள் போதும். ஒரு முறை படித்தபின் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டு, புத்தகத்தை மூடி எழுதிப் பார்க்க வேண்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பள்ளி திறக்க இன்னும் பல வாரம் இருக்கும்போது எது வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். படித்த மறுநாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று மூன்று முறை எழுதினால் போதுமானது.

## வழி 2: அதே பாடம், ஆழமாக

பள்ளித் தேர்வில் ஒரு கணக்குக்குச் சில நிமிடங்கள்தான். 1959-இல் ருமேனியாவில் தொடங்கிய சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் இரண்டு நாட்களுக்கும் சேர்த்து மொத்தமே 6 கணக்குகள். நாளுக்கு நாலரை மணி நேரம், அதாவது ஒரு கணக்குக்கு 90 நிமிடம். போட்டிக்குப் போகிறாரோ இல்லையோ, அந்த 90 நிமிடம் என்ன என்பதைப் பிள்ளை ருசி பார்ப்பதில்தான் இந்த வழியின் பலன் இருக்கிறது.

பிரபலமான பழைய கணக்கு ஒன்று. 8-க்கு 8 சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். 62 கட்டம் மிச்சம். ஒரு டோமினோ அடுத்தடுத்த இரண்டு கட்டங்களை மூடும். 31 டோமினோக்களால் பலகை முழுவதையும் மூட முடியுமா? கட்டம் போட்ட தாளையும் பென்சிலையும் கொடுத்தால் முதல் பத்து நிமிடம் வரைந்து வரைந்து பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் கடைசியில் இரண்டு கட்டம் தனித்தனியே நிற்கும். ‘இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை’ என்று அழித்துவிட்டு மறுபடி வரைவாள். இருபதாவது நிமிடத்தில் எரிச்சல் வரும். இங்கேதான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மிச்சம் நிற்கிற இரண்டு கட்டமும் எப்போதும் ஒரே நிறம் என்பது எப்போதாவது கண்ணில் படும். எதிர் மூலைகள் இரண்டும் ஒரே நிறம். வெட்டியபின் ஒரு நிறம் 32, மறு நிறம் 30. டோமினோ எப்போதும் ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றை மூடும். ஆக, முடியவே முடியாது. விடை ‘முடியாது’ என்பதாகவும் இருக்கலாம், அதையும் நிரூபிக்க வேண்டும் என்பது பல பிள்ளைகளுக்கு அன்றுதான் முதன்முறையாகத் தெரியவரும்.

அளவு முக்கியம். பத்துக் கணக்கில் நான்கிலிருந்து ஆறு வரை தானாகப் போட முடிகிற தொகுப்பாகப் பாருங்கள். ஒன்பது வந்தால் அரைத்த மாவையே அரைக்கிறாள்; ஒன்றுதான் வருகிறது என்றால் இரண்டு வாரத்தில் ஓடிவிடுவாள். நாளுக்கு ஒரு மணி நேரம், வாரத்தில் நான்கு நாள். 40 நிமிடம் முயலாமல் குறிப்பு கிடையாது. குறிப்பும் ஒரு வரிதான். தீர்வைப் பார்த்துவிட்டால், மறுநாள் அதைப் பார்க்காமல் முழுவதும் எழுத வேண்டும்.

கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, ‘இந்த வகைக் கணக்குக்கு இந்த ட்ரிக்’ என்று பட்டியல் போட்டு ஒப்பிக்க வைக்கிற பயிற்சி வகுப்பு. அது வழி 1-இன் வேறு உருவம்தான். இன்னொன்று, வகுப்பில் முதலாவதாக வந்தே பழகிய பிள்ளை பத்துக்கு நான்கு என்றதும் உடைந்துபோவது. ‘இதில் பாதி வந்தாலே நல்ல நாள்’ என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அழுதபின் சொன்னால் சமாதானமாகத்தான் கேட்கும்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கும் ஆழம் உண்டு. தகவலியல் (கணினி நிரலாக்க) ஒலிம்பியாட் 1989-இலிருந்தும், மொழியியல் ஒலிம்பியாட் 2003-இலிருந்தும் நடக்கின்றன. பின்னதில், முன்பின் அறியாத ஒரு மொழியின் சில வாக்கியங்களையும் பொருளையும் கொடுத்து இலக்கணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மொழியில் ருசி உள்ள பிள்ளை இதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளும்.

## வழி 3: தங்கிப் படிக்கும் முகாம்

இங்கே கிடைப்பதில் பாடம் இரண்டாம் பட்சம். தன்னைப் போல, தன்னைவிட மேலாக யோசிக்கிற சக வயதினர் இருக்கிறார்கள் என்று தெரிவதே பெரிய லாபம். பள்ளியில் கேள்வி கேட்டாலே ‘ஸீன் போடுகிறான்’ என்று கேலிக்கு ஆளாகிற பிள்ளைக்கு இரண்டு வாரம் இப்படி ஓர் இடம் கிடைப்பது எந்தப் பாடத்தையும்விடப் பெரிது.

அதே கூட்டம் அடிக்கவும் செய்யும். சிறு குளத்தில் பெரிய மீனாக இருந்தவர் பெரிய குளத்துக்குப் போனதும் தன் திறமையைத் தானே குறைத்து மதிக்கத் தொடங்குவதை கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களிலிருந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஏற்கெனவே தன்னம்பிக்கை ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது முதல் தேர்வாக இருக்கக் கூடாது.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: தேர்ந்தெடுக்கச் சோதனை உண்டா, பணம் கட்டினால் போதுமா? ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்? நேற்று நடந்த நாளின் கால அட்டவணையைக் காட்ட முடியுமா? மாலையில் சும்மா இருக்க நேரம் உண்டா, இரவு எத்தனை மணிக்கு விளக்கணைப்பு? கடைசி நாளில் பிள்ளை கையில் என்ன இருக்கும்? கடைசிக் கேள்விக்குச் சான்றிதழ் மட்டுமே பதிலாக வந்தால் தயங்காமல் விலகிவிடலாம். போகுமுன் ஆயத்தம், திரும்பியபின் களைப்பு என்று முன்னும் பின்னும் சில நாட்கள் காணாமல் போவதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

## வழி 4: சொந்தமாக ஒரு ப்ராஜெக்ட்

கட்டணம் ஏறத்தாழ இல்லை. பெரியவரின் பொறுமைதான் செலவு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கூட உட்கார்ந்து, செய்து கொடுக்காமல், கேள்வி மட்டும் கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். இது கிடைக்காத வீட்டில் பாதி ப்ராஜெக்ட்கள் மூன்றாவது வாரம் மூலையில் கிடக்கும்.

முதல் தவறு தலைப்பிலேயே நடக்கும். ‘பருவநிலை மாற்றம்’, ‘செயற்கை நுண்ணறிவு’ என்று எடுத்தால் இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய பத்துப் பக்கம்தான் மிஞ்சும். நல்ல கேள்விக்கு ஒரு சோதனை: இரண்டு நாளுக்குள் முதல் அளவையை எடுத்துவிட முடியுமா?

ஊசலை எடுத்துக்கொள்வோம். 1 மீட்டர் நூல், கனமான சின்னக் குண்டு, ஸ்டாப்வாட்ச். நீளத்தை நூலின் முடிச்சிலிருந்து குண்டின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். ஓர் அலைவை அளந்தால் விரலின் தாமதமே பிழையாகிவிடும். 10 அலைவை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். சின்னக் கோணத்தில் 10 அலைவுக்கு 20 விநாடி வரும், புத்தகச் சூத்திரத்தோடு பொருந்தும். அதே ஊசலை 60 பாகைக்கு இழுத்து விட்டால் 21 விநாடியைத் தாண்டும். நூலை மாற்றவில்லை, குண்டை மாற்றவில்லை. அலைவு நேரம் நீளத்தைப் பொறுத்தது என்றல்லவா புத்தகம் சொன்னது? அந்தச் சூத்திரம் சின்னக் கோணத்துக்கு மட்டுமான தோராயம் என்பதைப் பிள்ளை தன் கையால் கண்டுபிடிக்கும் அந்த ஒரு விநாடிக்காகத்தான் இவ்வளவும். 10, 20, 30 என்று கோணத்தை ஏற்றி வரைபடம் போட ஆரம்பித்தால், அடுத்த மூன்று வாரத்துக்கு யாரும் தூண்ட வேண்டியதில்லை.

ஆறு வாரக் கணக்கு: முதல் வாரம் கேள்வியைச் சுருக்குவது, இரண்டாவது வாரம் ஒத்திகை அளவைகள் (எல்லாம் தப்பாக வரும், வரட்டும்), மூன்றிலிருந்து ஐந்து வரை ஒழுங்கான அளவைகள், ஆறாவது வாரம் இரண்டு பக்கத்தில் எழுதுவது. இரண்டே பக்கம். கேள்வி தோன்றாத பிள்ளைகள் வேறொருவர் கேள்வியில் சேரலாம்: பறவைகளைக் கணக்கெடுக்கும் இபேர்ட் 2002-இலிருந்தும், விண்மீன் மண்டலங்களின் படங்களை வகைப்படுத்தும் கேலக்ஸி ஸூ 2007-இலிருந்தும் பொதுமக்கள் பங்களிப்பில் நடக்கின்றன.

## வழி 5: அட்டவணையில்லாத கோடை

இதை யாரும் ‘தேர்வு’ என்று மதிப்பதில்லை. சில பிள்ளைகளுக்கு இதுதான் மருந்து.

படித்தது மறந்துபோகுமே என்ற பயத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரும் குழுவினரும் 1996-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கோடையில் சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதப் பாட அளவு பின்னடைவு என்றும், வாசிப்பைவிடக் கணக்கில் அது அதிகம் என்றும் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அந்த அளவையே கேள்விக்குள்ளாக்கின. எப்படியானாலும், நன்றாகப் படிக்கிற பிள்ளை அதை ஈடுகட்ட வாரத்தில் மூன்று நாள், 20 நிமிடம் கணக்கு, கூடவே தானே தேர்ந்தெடுத்த புத்தகங்கள் என்று இருந்தாலே போதும்.

இந்த வழி யாருக்கு என்பதை உடம்பே சொல்லும். தேர்வுக்கு முன் வயிற்றுவலி, ஒரு எழுத்து கோணினால் பக்கத்தையே கிழிப்பது, முதலிடம் வராது என்று தோன்றுகிற எதையும் தொடங்கவே மறுப்பது, தூக்கத்தில் பள்ளிப் பேச்சு: இவற்றில் இரண்டு இருந்தாலும் ஒலிம்பியாட் பேச்சை இந்த ஆண்டு எடுக்காதீர்கள்.

சிக்கல் முதல் பத்து நாள்தான். ‘போர் அடிக்குது’ என்று வந்து நிற்கும்போது போனைக் கொடுத்துவிட்டால் கோடை அதோடு போச்சு. திரைக்கு நேரம் வரையறுத்துவிட்டு, சலிப்பைச் சலிப்பாகவே விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் கை எதையாவது தேடிக்கொள்ளும்.

## ஒரே பார்வையில்

| வழி | திணறல் | பெரியவர் நேரம் (வாரத்துக்கு) | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| முன்கூட்டிப் படிப்பு | குறைவு | 1–2 மணி | வகுப்பில் சலிப்பு, அரைகுறைப் புரிதல் | வகுப்பு தாண்டுபவர், பாடத்திட்டம் மாறுபவர் |
| ஆழமாகப் படிப்பு | மிக அதிகம் | 1 மணி | தோல்வியின் முதல் அதிர்ச்சி | சோதனையில் எட்டோ அதற்கு மேலோ எடுத்தவர் |
| முகாம் | முகாமைப் பொறுத்தது | முகாம் நாட்களில் இல்லை | பணம், பயணம், ஒப்பீட்டு வலி | பள்ளியில் தனியாகிப்போனவர் |
| ப்ராஜெக்ட் | அதிகம் | 2 மணி | பாதியில் நிற்கும் அபாயம் | ‘ஏன்’ என்று ஓயாமல் கேட்பவர் |
| அட்டவணையில்லாமை | இல்லை | திரையைக் கண்காணிப்பது | முதல் பத்து நாள் | களைத்துப்போனவர் |

பழைய ஓட்டை தெரிந்த பிள்ளைக்கு எந்த வழியானாலும், முதல் இரண்டு வாரம் அந்த அடைப்பு வேலைதான் முதலில்.

## ஊக்கம் எப்படிக் கெடுகிறது

வழியைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, ‘முடித்தால் சைக்கிள்’ என்று சொல்லிக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது. உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட சோதனையில், படம் வரைய ஆசையாக இருந்த சிறு பிள்ளைகளில் சிலருக்கு ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்பே சொன்னார்கள். பின்னர் அவர்களாகவே வரைய எடுத்துக்கொண்ட நேரம் குறைந்துபோனது. சொல்லாமல், முடித்தபின் எதிர்பாராமல் கொடுத்தவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஆகவே பரிசு தரலாம், பேரமாகப் பேசாதீர்கள்.

பாராட்டும் அப்படித்தான். ‘நீ மூளைக்காரி’ என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, திணறுகிற ஒவ்வொரு கணமும் அந்தப் பட்டம் பறிபோகிற கணம். ‘மூணாவது தடவை வேற மாதிரி வரைஞ்சியே, அது எப்படித் தோணுச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள்.

## இரண்டு வாரத்தில் ஒரு சரிபார்ப்பு

ஒரு வழியை முதன்மையாகவும், இன்னொன்றை ஒட்டாகவும் வைக்கலாம். ஆழம் நாளுக்கு ஒரு மணி, மீதி அட்டவணையில்லாமை என்பது நன்றாகவே பொருந்தும். மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றும் கெடும். முகாம் நாட்களைத் தவிர, ஒழுங்குபடுத்திய வேலை மொத்தம் வாரத்துக்கு 12 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

பதினான்காம் நாள் மூன்று விஷயங்களைப் பாருங்கள். சொல்லாமல் ஒரு முறையாவது நோட்டை எடுத்தாளா? சாப்பிடும்போது தானாக அதைப் பற்றிப் பேசினாளா? தூக்கம் குறையாமல் இருக்கிறதா? மூன்றும் இல்லை என்றால் வழியை மாற்றுங்கள். கட்டிய பணம் போனது போனதுதான். மீதி வாரங்களையும் அதன் பின்னால் அனுப்ப வேண்டியதில்லை. மாற்றும்போது ‘உனக்கு இது வரவில்லை’ என்று சொல்லாமல், அவள் பாதியில் விட்ட கணக்கை நோட்டில் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். பக்கத்தின் மேல் தேதியும், எதுவரை வந்தாள் என்ற ஒரு வரியும் இருந்தால், அடுத்த விடுமுறையில் அங்கிருந்தே தொடங்கலாம்.